கோர்டோஃபான் வெயிலும் உலர்த்துகோபுரமும்

மரத்திலிருந்து வடிந்து இறுகும் பிசின்களுள் உலக வாணிகத்தில் மிக நீண்ட வரலாறு உடையது அரபுப் பிசின். சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பில், செனகலில் தொடங்கிச் சூடானைக் கடந்து எத்தியோப்பியா வரை நீளும் சாகெல் என்னும் வறள்நிலப் பட்டையில் வளரும் அக்கேசியா செனகல் என்ற வேல மரமே இதன் முதன்மையான மூலம்; தமிழ்நாட்டுக் கருவேலமும் அதே வேலக் கூட்டத்தைச் சேர்ந்ததாகையால், நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கருவேலம் பிசினை இதன் நெருங்கிய உறவு எனலாம். எழுதும் மை, நீர்வண்ண ஓவியம், பருத்தித் துணியில் அச்சிடும் சாயம், மருந்து வில்லை, மிட்டாய், குளிர்பானம் என ஒன்றையொன்று சாராத பல தொழில்கள் இந்த ஒரே பொருளை நாடி நின்றதற்கு அதன் கரையும் தன்மையும், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்து வைக்கும் ஆற்றலும் காரணங்களாகும். இந்தத் தன்மைகள் கெடாமல் பிசினிலிருந்து நீரை அகற்றுவது எப்படி என்ற கேள்வி அதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது. நெடுங்காலம் அதற்கு விடையளித்தது வெயில். பின்னர் அந்தப் பணியை ஆலை ஏற்றது. வெயில் செய்த வேலை எத்தகையது என்பதை ஆய்வுக்கூடங்கள் முழுமையாக உணர்ந்தது, ஆலைகள் அதை ஏற்றுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரே.

சூடானின் கோர்டோஃபான் பகுதியில் இம்மரத்தை ஹஷாப் என்றும், சற்றுத் தரம் குறைந்த பிசினைத் தரும் மற்றொரு வேல மரமான அக்கேசியா சேயலைத் தல்ஹா என்றும் வழங்குகின்றனர். மணற்பாங்கான அந்நிலத்தில் கம்பு, எள், நிலக்கடலை ஆகியவற்றைச் சில ஆண்டுகள் பயிரிட்டு, மண் சலித்ததும் நிலத்தை ஹஷாப் மரங்களுக்கு விட்டுவிட்டு, மரம் முதிர்ந்து பிசின் தருவது குறைந்ததும் வெட்டி அகற்றி மீண்டும் உழுவது பழைய முறை. அதனால் பிசின் காட்டு விளைபொருளாகத் தோன்றினாலும் உழவின் சுழற்சிக்குள் அடங்கியதே. மழைக்காலம் முடிந்து மரம் இலையுதிர்க்கத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிறு கோடரியாலோ, பின்னாளில் பரவிய சோங்கி என்னும் ஈட்டி போன்ற கருவியாலோ கிளையின் பட்டையைக் கீறி, அதில் ஒரு நீண்ட துண்டை உரித்துவிடுவர். காயத்தை மூடுவதற்காக மரம் சுரக்கும் பிசின் அந்த இடத்தில் உருண்டையாகத் திரள்கிறது. கீறியதிலிருந்து ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் கழித்து முதல் எடுப்பும், அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த எடுப்புகளும் நிகழ்ந்து, பிப்ரவரி அல்லது மார்ச்சு வரை பருவம் நீடிக்கும். ஒரு மரம் ஒரு பருவத்தில் தருவது சராசரியாக 250 கிராம் என்று கணக்கிடுவர்.

கீறலுக்கும் முதல் எடுப்புக்கும் இடையிலான அந்த வாரங்களைக் காத்திருப்புக் காலமாக மட்டும் கருதுவது தவறு. உலர்த்தலின் முதற்கட்டம் முழுவதும் அப்போதுதான் நிகழ்கிறது. பட்டையிலிருந்து கசியும் பிசின் நீர் மிகுந்த கூழாக வெளிவருகிறது. பருவமழை ஓய்ந்த பின் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதன் மேற்பரப்பிலிருந்து நீரை ஈர்க்கும்போது, உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து அந்த இழப்பை ஈடுசெய்கிறது. மேற்பரப்பின் நீர் இழப்பு உள்ளிருந்து வரும் நீரின் வேகத்தை மீறிவிட்டால் வெளிப்புறம் தோலாக இறுகி, உள்ளே ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும். கூழ்வற்றல் பிழிந்தவர்கள் இந்த நிலையை நன்கு அறிவர். உருண்டை சிறிதாக இருப்பதும், பாலைநில இரவின் குளிர்ச்சி பகலின் வேகத்தைத் தணிப்பதும், மரத்தின் ஓரளவு நிழலும் சேர்ந்து, அந்தத் தோல் கடினமாவதற்கு முன் உள்ளீரம் வெளியேற வாய்ப்பளிக்கின்றன. முன்கூட்டியே பறித்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பருவம் தவறி மழை பெய்தால் மேற்பரப்பு மீண்டும் கரைந்து, தூசியையும் பட்டைத் துகளையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பறித்த பிசினைப் பிளாஸ்டிக் பைகளில் இடக் கூடாதென்றும், கூடையிலோ சணல் சாக்கிலோதான் வைக்க வேண்டும் என்றும் இன்றுவரை வலியுறுத்தப்படுவதற்கும் இதுவே காரணம். எஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாத பையில் பிசின் வியர்த்து, ஒட்டிக்கொண்டு, பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாம் கட்டம் சந்தையில் நிகழ்ந்தது. கோர்டோஃபானின் தலைநகரான எல் ஒபெய்து பிசின் ஏலத்தின் நடுவிடமாக வளர்ந்த காலத்தில், சிற்றூர்களிலிருந்து வந்து சேர்ந்த பிசினைப் பெண்கள் தரையில் அமர்ந்து பட்டையும் மணலும் நீக்கித் தரம் பிரித்தனர். பின்னர் அது சில வாரங்கள் வெயிலில் பரப்பி வைக்கப்பட்டது. ஐரோப்பிய மருந்தியல் நூல்கள் இதைப் பிசினைப் பழுக்க வைத்தல் என்று குறித்தன. அவ்வாறு பழுத்த பிசினின் மஞ்சள் நிறம் வெளுத்தது. உருண்டையின் வெளிப்புறத்தில் நுண்ணிய வெடிப்புகள் எண்ணற்றுத் தோன்றி, கண்ணாடி போன்ற ஒளிபுகும் தன்மை மறைந்து வெண்ணிறம் படர்ந்தது. வெடிப்புகள் குறை என்று தோன்றினாலும் வாங்குவோர் அவற்றையே நன்கு உலர்ந்ததற்கான அடையாளமாகக் கொண்டனர். எளிதில் உடைவது, விரைவில் கரைவது, நிறமின்றி இருப்பது ஆகிய மூன்றும் அந்த வெடிப்புகளோடு சேர்ந்தே வந்தன. இத்தனை உலர்த்தலுக்குப் பின்னும் பிசினில் 13 முதல் 15 விழுக்காடு வரை நீர் எஞ்சியிருக்கும். அது உலர்த்தத் தவறிய நீர் அன்று. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலை அடைந்து, பிசினின் மூலக்கூறுகளோடு பிணைந்து நிற்கும் நீர். அதையும் வற்புறுத்தி அகற்ற முயன்றால்தான் கேடு தொடங்கும் என்பதை அந்தப் பெண்களும் வணிகரும் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். உலகச் சந்தையில் பிசினுக்கு உயர்ந்த விலை கிடைத்ததில் இந்த உழைப்பின் பங்கு பெரிது. ஆயினும் அது எந்தக் கணக்கேட்டிலும் பதப்படுத்துதல் என்ற தலைப்பில் ஏறவில்லை.

வெயிலில் உலர்ந்த கட்டியாக இருந்ததே பிசினை நெடுந்தொலைவு கொண்டு சென்றது. எகிப்தியர் சடலங்களைப் பதப்படுத்திச் சுற்றும் துணிப்பட்டைகளை ஒட்டுவதற்குப் பிசினைப் பூசினர் என்பதைக் கிறித்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் குறித்திருக்கிறார். இடைக்காலத்தில் அரபுத் துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவை அடைந்ததால் அது அந்தத் துறைமுகங்களின் பெயரைப் பெற்றது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றை ஒட்டிய கரைப்பகுதிக்கு ஐரோப்பியக் கப்பல்கள் போட்டியிட்டு வந்தன; அச்சுப் பருத்தித் துணித் தொழிலுக்குச் சாயத்தைப் பரவாமல் நிறுத்தும் பொருளாகப் பிசின் இன்றியமையாததாக இருந்தமையால், ஏழாண்டுப் போரின்போது 1758இல் பிரித்தானியப் படை செனகலின் செயின்ட் லூயி நகரைக் கைப்பற்றியதற்குப் பிசினும் ஒரு காரணமாயிற்று. மூரித்தானியப் பாலையில் அதைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1821இல் எகிப்தை ஆண்ட முகமது அலியின் படைகள் கோர்டோஃபானைக் கைக்கொண்ட பின் அங்கிருந்து நைல் வழியே வந்த பிசின் தரத்தில் செனகல் பிசினை விஞ்சியது. 1885 முதல் 1898 வரை சூடானில் நீடித்த மகுதி ஆட்சிக் காலத்தில் அந்த வழி அடைபட்டது. மீண்டும் திறந்தபோது செங்கடலில் போர்ட் சூடான் என்ற புதிய துறைமுகம் எழுந்தது, 1912இல் எல் ஒபெய்துக்கு இருப்புப் பாதையும் வந்து சேர்ந்தது. செங்கடல் துறைகளிலிருந்து ஏதேன் வழியே பம்பாய்க்கு வந்து, அங்கே தரம் பிரிக்கப்பட்டு இலண்டனுக்குச் சென்ற ஆப்பிரிக்கப் பிசின், கிழக்கிந்தியப் பிசின் என்ற பெயரில் விற்கப்பட்டது என்பது இந்த வாணிகத்தில் இந்தியத் துறைமுகம் வகித்த இடத்தைக் காட்டும்.

ஐரோப்பிய ஆலைகளில் கட்டிப் பிசினுக்குச் செய்யப்பட்ட வேலை நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. சுத்தியல் ஆலையில் இடித்து ஒரே அளவான குருணையாக்குவது, சல்லடையில் சலிப்பது, தேவையானால் பொடியாக்குவது ஆகிய அளவில் அது நின்றது. வாங்கியவரே தம் கொப்பரையில் நீரூற்றிக் கரைத்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினார். செயற்கை வெப்பத்தால் பிசினை மேலும் உலர்த்தினால் என்ன ஆகும் என்பதை வேதியியலார் முன்னரே கண்டிருந்தனர். பிரெஞ்சு வேதியியலார் எட்மோன் ஃபிரெமி 1860இல், அரபுப் பிசின் என்பது கால்சியத்தோடு சேர்ந்த ஓர் அமிலத்தின் உப்பு என்றும், உலர்ந்த பிசினை ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அது நீரில் கரையும் ஆற்றலை இழந்து, உப்பிக் கூழாக மட்டும் நிற்கும் என்றும் காட்டினார். வெப்பம் பிசினைக் கரியாக்கும் முன்னரே அதன் இயல்பை மாற்றிவிடுகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, அக்காலத்து உலர்த்தும் சூளைகளுக்கு எல்லைக்கோடாகப் பயன்பட்டிருக்க வேண்டியது. ஆயினும் பல தலைமுறைகளுக்கு அது வேதியியல் நூல்களில் ஒரு குறிப்பாகவே கிடந்தது. அந்த மாற்றத்துக்குள் பயனுள்ள ஒரு கட்டமும் ஒளிந்திருந்தது என்பது ஒன்றரை நூற்றாண்டு கழித்தே தெரியவந்தது.

உலர்த்தலை ஆலைக்குள் கொண்டுவந்த கருவிகள் பிசினுக்காகப் பிறந்தவை அல்ல, பாலுக்காகப் பிறந்தவை. நீராவியால் உள்ளிருந்து சூடாகும் உருளையின் மேல் பாலை மெல்லிய படலமாகப் பரப்பி, உருளை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் உலர்ந்துவிடும் அந்தப் படலத்தைக் கத்தியால் சுரண்டி எடுக்கும் முறை 1902இல் ஜஸ்ட், ஹாட்மேக்கர் ஆகிய இருவரின் பெயரால் அறிமுகமானது. இதை உருளை உலர்த்தல் என்பர். இதே முறையைப் பிசின் கரைசலுக்குப் பயன்படுத்தியபோது, உருளைகளுக்கு இடையிலான இடைவெளி படலத்தின் தடிமனைத் தீர்மானித்தது. கிடைத்தது சில நூறு மைக்ரோமீட்டர் அளவுள்ள தகடு போன்ற செதில். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செதில் கனமாக இருந்ததால் தூசி பறக்காமல் நீரில் எளிதாக நனைந்தது என்பது அதன் சிறப்பு. ஆனால் பிசின் சூடான உலோகத்தை நேரே தொட்டு உலர்ந்தது. படலத்தில் நீர் குறையக் குறைய அதன் வெப்பநிலை உருளையின் வெப்பநிலையை நெருங்கியது. சுற்று சற்றே மெதுவாகிவிட்டாலும் நிறம் கறுத்தது, கரைதிறன் குறைந்தது. உருளை உலர்த்தலில் ஓர் ஆலையின் திறமை முழுவதும் அந்தச் சில நொடிகளைக் கையாள்வதில் அடங்கியிருந்தது.

மற்றொரு முறையின் வரலாறு இன்னும் சற்று முந்தியது. திரவத்தை நுண்துளிகளாகச் சிதறடித்துச் சூடான காற்றில் உலர்த்தும் கருத்துக்கு அமெரிக்கரான சாமுவேல் பெர்சி 1872இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மானியரான ராபர்ட் ஷ்டாவ்ஃப் 1901இல் பெற்ற காப்புரிமையை அமெரிக்காவின் மெரல் சோல் நிறுவனம் வாங்கிப் பால்பொடித் தொழிலில் நிலைநாட்டியது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யோகன் எர்ன்ஸ்ட் நைரோப் 1933இல் தொடங்கிய நிறுவனம் வேகமாகச் சுழலும் தட்டால் துளிகளை உண்டாக்கும் கருவியைப் பல தொழில்களுக்குப் பரப்பியது. தெளிப்பு உலர்த்தல் என்று தமிழிலும், ஸ்பிரே டிரையிங் என்று ஆலைகளிலும் வழங்கப்படும் இந்த முறை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அரபுப் பிசின் தொழிலின் முதுகெலும்பாயிற்று.

இதன் வேலைமுறை எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு முரணைத் தன்னுள் கொண்டது. உயரமான கோபுரத்தின் மேற்பகுதியில் நுழையும் காற்று 200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தோடு வருகிறது. பிசினுக்குத் தீங்கு செய்ய அதில் பாதி போதும். ஆயினும் பிசின் சேதமடைவதில்லை. ஒரு லிட்டர் கரைசலை 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறடித்தால், அவற்றின் மேற்பரப்பு அனைத்தும் சேர்ந்து 60 சதுர மீட்டராகிறது. அத்தனை பரப்பிலிருந்தும் நீர் ஒரே நேரத்தில் ஆவியாகும்போது, ஆவியாதலுக்குத் தேவையான வெப்பம் துளியிலிருந்தே எடுக்கப்படுவதால் துளி குளிர்ந்தபடியே இருக்கிறது. காற்று எவ்வளவு சூடாயினும் நீர் எஞ்சியிருக்கும்வரை துளியின் வெப்பநிலை 50 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் தீரும் தறுவாயில் துளி சூடேறத் தொடங்கும்போது, சுற்றியுள்ள காற்று தன் வெப்பத்தை ஏற்கெனவே இழந்து 100 பாகைக்குக் கீழே இறங்கியிருக்கும். சில நொடிகளில் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகளாக அது கீழே விழுகிறது. ஆகவே தெளிப்பு உலர்த்தியை இயக்குபவர் உள்நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்றின் வெப்பநிலையையே கூர்ந்து கவனிக்கிறார். பொடி உண்மையில் உணர்ந்த வெப்பத்துக்கு அதுவே சாட்சி. இவ்வாறு உலர்த்திய பிசினில் ஈரம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், கட்டிப் பிசினில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்தது.

இந்த முறைக்கு இயல்பாகவே அரபுப் பிசின் பொருந்தியதற்கு ஒரு தனிக்காரணம் உண்டு. பெரும்பாலான பிசின்கள் நீரில் ஒரு விழுக்காடு சேர்ந்தாலே கரைசலைக் கெட்டியாக்கிவிடும். அரபுப் பிசினோ அதன் மூலக்கூறு நெருக்கமாகக் கிளைவிட்டுச் சுருண்ட வடிவில் இருப்பதால், 30 விழுக்காடு கரைந்த பின்னும் குழாய்வழி ஓடும், துளியாகச் சிதறும். குவார் எனப்படும் கொத்தவரை விதைப் பிசினை இப்படித் தெளித்து உலர்த்த இயலாது. ராஜஸ்தானிலும் அரியானாவிலும் அதைப் பதப்படுத்தும் ஆலைகள் விதையின் உள்ளுறையை ஈரமாக்கி, தட்டையாக நசுக்கி, சூடான காற்று பாயும் ஆலையில் அரைக்கும்போதே உலர்த்துகின்றன. அரைத்தலும் உலர்தலும் ஒரே செயலாகும் ஏற்பாடு அது. இந்தியக் காடுகளில் பழங்குடி மக்கள் சேகரிக்கும் கராயா பிசின் இன்னும் நுட்பமானது. பொடியாக்கிய பின் சேமிப்பில் அது மெல்ல அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுக் கெட்டிப்படுத்தும் வலிமையை இழக்கிறது. வெப்பமும் ஈரமும் அந்த இழப்பை விரைவுபடுத்தும். ஆகவே கராயாவைக் கட்டியாகவே காத்து, தேவை வரும்போது மட்டும் பொடியாக்குவது அனுபவம் கண்ட வழி.

மீண்டும் அரபுப் பிசினுக்கு வந்தால், தெளிப்பு உலர்த்தலின் பொருளியல் வியப்பளிக்கும். சூடானின் வெயில் விலையின்றி உலர்த்தித் தந்த பிசினை ஐரோப்பிய ஆலை மறுபடி நீரில் கரைக்கிறது. 30 விழுக்காட்டுக் கரைசலிலிருந்து ஒரு கிலோ பொடி பெற வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டு கிலோ நீரை எரிபொருள் செலவழித்து ஆவியாக்க வேண்டும். இத்தனை செலவை ஆலை ஏற்றதற்கு மூன்று தேவைகள் காரணம். கரைத்தால்தான் மணலும் பட்டைத் துகளும் வடிகட்டியிலும் மையவிலக்கு எந்திரத்திலும் முற்றாகப் பிரியும். திறந்த வெளியில் திரண்டு தரையில் காய்ந்த பொருளில் நுண்ணுயிரிகள் தங்குவது இயல்பு. அவற்றைக் கரைசலில் சூடேற்றிக் கொல்லலாம். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் பிசினைத் தூய்மை செய்வதை ஐரோப்பா தடை செய்த பின் இந்தத் தேவை மேலும் அழுத்தமாயிற்று. மூன்றாவது, குளிர்பான ஆலையும் மிட்டாய் ஆலையும் மணிக்கணக்கில் ஊறவைக்க விரும்பவில்லை; நீரில் இட்டவுடன் கரையும் பொடியையே கேட்டன. 1973, 1974 ஆண்டுகளின் சாகெல் வறட்சி விளைச்சலைக் குலைத்து விலையை உயர்த்தியபோது, பலர் மாற்றியமைத்த மாவுப்பொருள்களுக்குத் தாவினர். அவர்களை மீண்டும் பிசினுக்கு ஈர்க்க வேண்டிய நெருக்கடியும் தூய, விரைந்து கரையும் பொடியை நோக்கித் தொழிலைத் தள்ளியது.

பொடி வந்தபின் ஒரு புகார் எழுந்தது. ஒரே தோட்டத்துப் பிசின், ஒரே கோபுரத்தில் உலர்ந்தும் சில வேளைகளில் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களைக் குளிர்பானத்தில் பிரியாமல் தாங்கி நிற்கத் தவறியது. விடை 1980களின் பிற்பகுதியில் கிடைத்தது. வேல்ஸ் நாட்டில் கிளின் பிலிப்ஸ், பீட்டர் வில்லியம்ஸ், ராண்டல் ஆகியோர் 1988, 1989இல் வெளியிட்ட ஆய்வுகள், அரபுப் பிசின் ஒரே பொருளன்று, மூன்று பகுதிகளின் கூட்டு என்று காட்டின. ஏறத்தாழ 88 விழுக்காடு அரபினோகேலக்டன் என்னும் சர்க்கரைத் தொடர்களாலானது. அதில் புரதம் மிகச் சொற்பம். ஏறத்தாழ 10 விழுக்காடாக உள்ள இரண்டாம் பகுதியில் அதே சர்க்கரைத் திரள்கள் ஒரு புரத இழையில் கோக்கப்பட்டு மிகப் பெரிய மூலக்கூறாக நிற்கின்றன. மூன்றாவது, ஒரு விழுக்காடு அளவான, புரதம் மிகுந்த சிறு பகுதி. எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் ஒட்டி நின்று அதைப் பிற துளிகளோடு சேரவிடாமல் காப்பது பெரும்பாலும் இரண்டாம் பகுதியே. அதன் புரதம் எண்ணெயைப் பற்றுகிறது, சர்க்கரைத் திரள் நீரை நோக்கி விரிந்து நிற்கிறது. கரைசலை நீண்ட நேரம் சூடாக்கினால் இந்தப் பகுதியின் புரதம் வடிவிழந்து வீழ்படிவாகப் பிரிந்துவிடுகிறது. அதை வடிகட்டி அகற்றும் ஆலை, அழுக்கு என்று எண்ணிப் பிசினின் உயிரையே அகற்றுகிறது.

அதனால் பழி பெரும்பாலும் கோபுரத்தின் மீது விழவில்லை. அதற்கு முந்திய கொப்பரையின் மீது விழுந்தது. விரைவில் கரையட்டும் என்று கொதிநிலைக்கு அருகில் சூடாக்கியதும், உலர்த்தி ஓயும்வரை சூடான கரைசலைத் தொட்டியில் காத்திருக்கச் செய்ததும் துளி சிதறும் முன்பே சேதத்தை விளைவித்திருந்தன. கவனமுள்ள ஆலைகள் இதன்பின் மிதமான வெப்பத்தில் கரைக்கவும், நுண்ணுயிர்களைக் கொல்ல மெல்லிய தகடுகளுக்கிடையே கரைசலை ஓடவிட்டுச் சில நொடிகள் மட்டும் சூடேற்றி உடனே குளிர்விக்கவும், தொட்டியில் தேக்காமல் நேரே உலர்த்திக்கு அனுப்பவும் தம் வரிசையை மாற்றியமைத்தன. நீரில் எளிதாக நனையாமல் கட்டி கட்டியாக மிதக்கும் நுண்பொடியின் குறையை நீக்க, உலர்ந்த துகள்களைச் சிறிது ஈரப்படுத்தி ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குருணையாக்கும் கூடுதல் படியும் வந்தது.

வெப்பம் பற்றிய அறிவின் மறுபக்கம் 2000களில் வெளிப்பட்டது. அல் அசாஃப், பிலிப்ஸ், வில்லியம்ஸ் ஆகியோரும் ஜப்பானின் சான் ஐ ஜென் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், கரைசலாகச் சூடாக்கினால் கெடும் அதே பிசின், கட்டியாகவே, காற்றின் ஈரம் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், 110 பாகை செல்சியசில் குறித்த காலம் சூடாக்கப்பட்டால், புரதம் தாங்கிய பெரிய மூலக்கூறுகளின் அளவு கூடி, எண்ணெயைப் பிணைக்கும் ஆற்றல் உயர்வதாகக் காணப்பட்டது. சிதறிக் கிடந்த சிறு அலகுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. காலம் அளவு மீறினால் அவை அளவுகடந்து பிணைந்து, நீரில் கரையாமல் உப்பும் கூழாகின்றன. ஃபிரெமி 1860இல் கண்ட அதே இறுதிநிலை. அந்த முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் இருந்த, பயன் தரும் கட்டத்தை அவர் காலத்துக் கருவிகளால் காண முடிந்திருக்காது. மரத்திலும், களத்திலும், கிடங்கிலும் நாள்பட்ட பிசின் புதுப் பிசினைவிடச் சிறந்தது என்ற பழைய வணிக நம்பிக்கைக்கு இந்த ஆய்வு ஓர் அடிப்படை தந்தது. முதிர்ச்சி என்று ஆய்வாளர் பெயரிட்டது, எல் ஒபெய்தின் வெயிலில் மெதுவாக நடந்துகொண்டிருந்த மாற்றத்தின் விரைவுபடுத்தப்பட்ட வடிவம் என்று கருத இடமுண்டு.

இத்தனை அறிவும் எங்கே நிலைகொண்டது என்பது நீதி சார்ந்த கேள்வி. பிரான்சின் நார்மண்டிப் பகுதி, பருத்தித் துணி அச்சிடும் ரூவான் நகரின் தேவையால் பிசின் வாணிகத்தில் நுழைந்து, துணித்தொழில் தேய்ந்த பின்னும் பிசினை விடவில்லை. 1884இல் தொடங்கிய ஆலாண்டு ரோபேர், 1895இல் தொடங்கி இன்று நெக்சிரா என்று பெயர் பெற்றுள்ள நிறுவனம் ஆகிய இரண்டும் அப்பகுதியைச் சேர்ந்தவை. ஐக்கிய நாடுகளின் வாணிக வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கச்சாப் பிசின் ஏற்றுமதி 1992 முதல் 1994 வரையிலான ஆண்டுச் சராசரியான 35,000 டன்னிலிருந்து 2014 முதல் 2016 வரையில் 102,000 டன்னாக உயர்ந்தது. பதப்படுத்திய பிசினின் ஏற்றுமதி 17,000 டன்னிலிருந்து 53,000 டன்னாயிற்று. கச்சா ஏற்றுமதியில் சூடானும் சாடும் நைஜீரியாவும் முன்னிற்க, பதப்படுத்திய பிசினில் ஐரோப்பா முன்னிற்கிறது. 1969இல் சூடான் அரசு அமைத்த பிசின் நிறுவனம் ஏற்றுமதியைத் தனியுரிமையாகக் கையாண்டு, 2009இல் அந்த உரிமை நீங்கும்வரை, விற்றதில் பெரும்பங்கு கட்டிப் பிசினே. உலர்த்தலின் முதல் இரு கட்டங்களைச் செய்து தந்த உழவர் குடும்பங்களுக்கும், தரம் பிரித்த பெண்களுக்கும் மூன்றாம் கட்டத்தின் மதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. சூடானிலேயே பொடியாக்கும் ஆலைகள் எழுந்தாலும், எரிபொருளும் மின்சாரமும் தூய நீரும் தட்டின்றிக் கிடைக்காத இடத்தில் உலர்த்துகோபுரத்தை நிறுத்தாமல் ஓட்டுவது எளிதன்று.

2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட உள்நாட்டுப் போர் பிசின் விளையும் பகுதிகளையும் சாலைகளையும் சூழ்ந்துகொண்ட நிலையில், பொடியாக்கலின் இன்னொரு விளைவு முன்னுக்கு வந்திருக்கிறது. கட்டிப் பிசினைக் கையில் எடுத்துப் பார்க்கும் தேர்ந்த வணிகர், உருண்டையின் வடிவம், நிறம், வெடிப்பு, உடையும் விதம் ஆகியவற்றைக் கொண்டே அது ஹஷாபா தல்ஹாவா என்றும், பெரும்பாலும் எந்த வட்டாரத்தது என்றும் சொல்லிவிடுவார். கரைத்து, வடித்து, உலர்த்திய வெண்பொடியில் அந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லை. ஒளியின் தளத்தைக் கரைசல் எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளக்கும் கருவியால், இடப்புறம் திருப்பினால் ஹஷாப், வலப்புறம் திருப்பினால் தல்ஹா என்று மரத்தை இனங்காணலாம். ஆனால் அந்த மரம் எந்த நாட்டு எல்லைக்குள், எந்தப் படையின் கட்டுப்பாட்டில் நின்றது என்பதை அக்கருவி சொல்லாது. ஆகவே பிசினின் தோற்றிடத்தை உறுதிசெய்ய விரும்பும் ஆலைகள், கரைப்புக் கொப்பரைக்குப் போகும் முன், சணல் சாக்கில் கட்டியாக இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டியிருக்கிறது.